தில்லையாடி போகும் சாலை

2006, மாசி, ஞாயிற்றுக்கிழமை

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

டேனிஷ்காரர்கள் ஆண்ட ஊர்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குப் பல வருட ஆசை. இன்று விடிகாலை பஸ்ஸில் தரங்கம்பாடி போய் இரண்டு வாடகை சைக்கிள் எடுத்தோம். கோட்டையைப் பார்த்துவிட்டு, பொறையாறு வழியாகத் தில்லையாடிக்கு மெதுவாக மிதித்தோம். இரண்டு பக்கமும் வயல். மேடே இல்லாத சாலை.

எங்கள் நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து மில்லுக்கு இருபது வருடம் சைக்கிளில் போய்வந்த மனிதர், வழியில் மூன்று முறை இறங்கிவிட்டார். மூன்றாவது தடவை, "செயின் கழண்டுடுச்சி, நீ முன்னால போ" என்றார். திரும்பிப் பார்த்தேன். செயின் சரியாகத்தான் இருந்தது. அவர் மார்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எனக்குக் காலு வலிக்குதுங்க. திரும்பிடலாம், சைக்கிளை உருட்டிக்கிட்டு நடந்தே போவோம்" என்றேன். அவர் மறுக்கவே இல்லை.

திரும்பும் பஸ் கடலூரைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டு மாசமாவே இப்படித்தான் இருக்குது. நாளைக்கு ஆசுபத்திரிக்கு நீயும் வா. தனியா போக பயமா இருக்குது."

அந்த வார்த்தையை அவர் வாயால் இதுவரை கேட்டதில்லை. "சரிங்க" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். எனக்கும் பயமாக இருப்பதைச் சொல்லவில்லை.