புன்னைக்குடிக் கடவை தொண்ணூறு தப்படி தள்ளி

நலம் ஓங்குக. ஏழருவி பாயும் குமிழி நாட்டை வெண்குடைக்கீழ் ஆளும் எங்கள் அரசர் பெருமானின் பதினோராம் ஆட்சியாண்டு, மாசித் திங்கள். முதலமைச்சர், நீதி வழுவாச் சோலைநம்பிப் பேரரையர் திருமுன்புக்குத் தலைநகர்ப் பெருவழிக் கண்காணி நக்கன் கூத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மனையும் மக்களும் வாழ்க. தங்கள் நாட்டில் மழை பொய்யாதிருக்க. சொல்வதற்கு நற்செய்தி ஒன்றும் இல்லாமையால் வாழ்த்தை இவ்வளவில் நிறுத்துகிறேன்.

புன்னைக்குடிக் குடியிருப்பை ஒட்டித் தேர்ப்பெருவழி ஓடுகிறது. வீடுகள் மேற்கே, குடிநீர்க் கிணறு கிழக்கே. தேர்கள் நின்று மக்களுக்கு வழிவிடும்படி வெண்கல் பாவிய நடைக்கடவை ஒன்றை அங்கே அமைக்க, இடம் தேரும் பொறுப்பைச் சென்ற ஆடியில் அடியேனிடம் அளித்தீர்கள். மூன்று நாள் நின்று பார்த்தேன். எல்லாரும் வடக்கே குளத்துக்கு எதிரில் கடந்தார்கள். அங்கேயே கடவை என்று எழுதினேன். கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்ததாலேயே அந்த மூன்று நாளும் அவர்கள் குளத்துக்குப் போனார்கள். யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பதவியில் இருப்பவன் போய்க் கேட்பதா என்ற மிதப்பில் இருந்துவிட்டேன்.

பிறகு கிணறு திறந்தது. கடவையோ தொண்ணூறு தப்படி வடக்கே, ஒருவரும் கடக்காத இடத்தில், வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆள் கடக்காமையால் தேர்ப்பாகரும் அங்கே நிற்பதை விட்டார்கள். நிறைகுடம் சுமப்பவள், தன் தெரு எதிரே தெரியும்போது, தொண்ணூறு தப்படி போய் மீண்டும் தொண்ணூறு தப்படி திரும்பி வருவாளா? சென்ற தைத்திங்களில் தச்சன் கொற்றனின் மனையாட்டி நங்கை சாத்தி, தண்ணீர் எடுத்துத் திரும்புகையில், அரச ஓலை கொண்டோடும் தேரில் அடிபட்டு மாண்டாள். கடவை வழியே சுற்றி வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று கொற்றன் அடியேனை வினவினான். பிழைத்திருப்பாள் என்றேன். அது பொய்; அங்கேயும் தேர் நின்றிராது.

கடவையைக் கிணற்றுக்கு எதிரே மாற்ற அன்றே விண்ணப்பித்தேன். அதற்குத் தங்கள் ஓலைநாயகம் விடுத்த மறுமொழியில், கடவைக்கல்லில் 'சந்திர சூரியர் உள்ளவரை இவ்விடத்தே நிற்க' என அரசர் பெயரால் பொறித்தாயிற்று என்றும், அரசர் வாக்கு தொண்ணூறு தப்படி நகராது என்றும், ஆதலின் கிணற்றைத் தூர்த்துவிட்டால் பெண்டிர் தாமாகவே குளத்துக்கும் கடவைக்கும் போவர் என்றும் கண்டிருந்தது. அச்சொற்களைப் பொறிக்கச் சொன்னவனும் அடியேனே. எல்லாக் கல்லிலும் எழுதுவதுதானே என்று எழுதினேன். ஒரு பெண்ணின் உயிர் அதில் மாட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

முந்தாநாள் கடப்பாரையோடு ஆட்களை அழைத்துச் சென்றேன். கடவை இடம் மாறப்போகிறது என்றெண்ணிய புன்னைக்குடியார் ஓடிவந்து, வேலையாட்களுக்கு மோர் கொடுத்தார்கள். அடியேனும் வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டுக் கிணற்றைத் தூர்த்தோம். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் வையவில்லை. வைதிருந்தால் இரவு கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன்.

நேற்று விடியலில் போய் நின்றேன். கடவைப் பக்கம் யாரும் போகவில்லை. அவர்கள் தெரு பெருவழியைத் தொடும் அதே இடத்தில் கடந்து, மூடிய கிணற்றைத் தாண்டி, வரப்பு வழியே வாய்க்காலுக்குப் போனார்கள். குளத்தைவிட அதுதான் அவர்களுக்குக் கிட்ட. அவர்களோடு கொற்றனும் போனான், தோளில் குடமும் இடுப்பில் தாயில்லாக் குழந்தையுமாக.

ஆகவே, இவ்வோலை கண்ட அன்றே அரசர் திருவாய்மொழி பெற்று, அக்கடவைக்கல்லைப் பெயர்த்து அவர்கள் தெரு எதிரே நட ஆணை தந்தருள்க. பிழைக்குரிய தண்டம் அனைத்தும் அடியேன் தலைமேல் ஆகுக. ஆணை வரும் என்ற நம்பிக்கை அடியேனுக்கு இல்லை. கடவை இல்லாத இடத்தில் அரசரின் தேரை நிறுத்தக் கண்காணிக்கு அதிகாரமும் இல்லை. இனி விடியல்தோறும் அங்கே போய் நிற்பேன். தேர் வருவது கண்டால் கூவுவேன். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் அதுவும் கேட்காது.

பெருவழி இலச்சினை இட்டது.
இவை நக்கன் கூத்தன் எழுத்து.