இருபத்தேழாவது அத்தியாயத்தோடு நிறுத்தச் சொன்ன நூரக்காவுக்கு

என் நூரக்கா,

அங்கே உங்களுக்குப் படிக்க ஏதாவது கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் இந்நேரம் யாரிடமாவது சண்டை பிடித்திருப்பீர்கள். இங்கே எல்லோரும் இருக்கிறோம். பாப்பாவுக்கு மூன்றரை வயது ஆகிவிட்டது. மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்தாலும் கண்டுபிடித்துத் துப்பிவிடுகிறாள். என் கைப்பையில் தெர்மாமீட்டர் இன்னும் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகும் கடை திறந்துதான் இருக்கிறது. இஸ்மாயில் அண்ணன் காலையில் வந்து ஷட்டரைத் தூக்குகிறார். முன்பக்கம் நோட்டு, பேனா, ஜெராக்ஸ் எல்லாம் அவர் பார்த்துக்கொள்கிறார். உள்ளே இருக்கிற நாவல் அலமாரிப் பக்கம் மட்டும் போவதில்லை.

போன வாரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஞாயித்துக்கிழம மட்டும் வந்து உக்காரு அம்மணி. வர்றவங்கெல்லாம் எது நல்லாருக்கும்னு கேக்கறாங்க. நான் என்னத்தக் கண்டேன்? இத்தன வருசம் அவகூடக் குடித்தனம் பண்ணுனேன், ஒரு புக்கு படிச்சதில்ல. அதான் சண்டையில்லாம ஓடுச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு அவருக்குப் பதில் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அக்கா. அதைப் பேசித் தீர்க்காமல் உங்கள் நாற்காலியில் என்னால் உட்கார முடியாது.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் உங்கள் கடை. பி.காம். படித்த காலத்தில் ரெக்கார்டு நோட்டு வாங்க வந்த என்னை நாவல் வாங்க வைத்தது நீங்கள். என்ன பிடிக்கும் என்று நீங்கள் யாரையும் கேட்டதில்லை. "ஊட்டுல இப்ப யாரெல்லாம் இருக்காங்க?" என்றுதான் கேட்பீர்கள். கல்யாணமாகி முதல்முறை வந்தபோதும் அதே கேள்வி. மாமியார் வந்திருக்கிறார் என்றேன்.

"அப்படின்னா சின்னச் சின்ன அத்தியாயமா இருக்கறதுதான் சரி. பெரிய அத்தியாயத்துல இருக்கறப்ப கூப்புட்டாங்கன்னு வெய்யி, எந்திரிக்க மனசு வராது. புக்கால குடும்பத்துல சண்டைன்னு என்னையத் திட்டுவாங்க."

ஒரு லாட்ஜில் தங்கியிருக்கும் ஆட்களைப் பற்றிய நாவலைக் கொடுத்தீர்கள். குக்கர் ஒரு விசில் அடிப்பதற்குள் ஒரு அத்தியாயம் முடியும். சிரித்துச் சிரித்துக் குக்கரில் தண்ணீர் வற்றிப்போனது. லாரி ஓட்டுகிற விதவையின் கதையைத் தந்தபோது, "மொத அம்பது பக்கம் பல்லக் கடிச்சுட்டுப் படி. மேடு ஏறிட்டா வண்டி தானாப் போகும்" என்றீர்கள். போனது.

பிறகு பாப்பா பிறந்தாள். எட்டாம் மாதத்திலேயே. கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கை அகலத்தில் ஒரு முதுகு. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. கதையில் ஒரு குழந்தை இருமினாலே புத்தகத்தை மூடிவிடுவேன். அவளுக்கு ஒரு வயது ஆனபோது கடைக்கு வந்து, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாத நாவலாக இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள்.

"நம்ம எழுத்தாளருங்க புள்ளைகள லேசுல உடமாட்டாங்களே கண்ணு. இரு, தேடறேன்."

அலமாரிக்குள் கையை விட்டு எடுத்ததுதான் அந்த அணை நாவல். பெயரை இங்கே எழுதமாட்டேன். முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் என்னைத் திட்டுவார்கள். அணை கட்டுவதால் மூழ்கப்போகிற ஊர். அணை வேலைக்குப் போன கணவன் திரும்பவில்லை. ஒரு பெண் தன் மகனை நடத்தியும் தூக்கியும் மலைப்பாதையில் அந்தக் கணவனைத் தேடிப் போகிறாள். இருபத்தேழாவது அத்தியாயத்தில் கண்டுபிடித்துவிடுகிறாள். மூவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். பையன் அப்பாவின் தோளில் தூங்கிப்போகிறான்.

"அதோட நிறுத்திக்க. கத அங்கயே முடிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் வெறும் சிமெண்டு மூட்டக் கணக்கு. நமக்கெதுக்கு?" என்றீர்கள்.

நிறுத்திக்கொண்டேன். ஒரு பக்கம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த நாவலால்தான் நான் மறுபடியும் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பையன் தூங்குகிற பக்கத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அண்ணன் சொன்னதற்காகச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று போனேன். பாப்பாவையும் கூட்டிப்போனேன், வேறெங்கே விடுவேன்? ஒரு கல்லூரிப் பெண் வந்து நல்ல நாவலாக ஒன்று கேட்டாள். நான் உங்களைப்போலவே கையை விட்டு அந்த அணை நாவலை எடுத்தேன். உங்களைப்போலவே சொன்னேன். "இருபத்தேழோட நிறுத்திக்கங்க. அதுக்கப்பறம் வெறும் சிமெண்டுக் கணக்குதான்."

முன்பக்கம் நோட்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பினார். கோமதி என்று பெயர். கருமத்தம்பட்டிக்காரர், வீட்டில் தறி ஓட்டுகிறார்கள். உங்களைத் தேடி வருகிறவர்தானாம், எனக்குத்தான் தெரியவில்லை.

"சிமெண்டுக் கணக்குங்களா? ஏனுங்க அம்மணி, அந்தப் பையன் செத்துப்போறானுங்களே" என்றார்.

இல்லீங்க, அப்பா தோளில் தூங்குகிறான் என்றேன்.

"அது இருபத்தேழா இருக்குமுங்க. இருபத்தெட்டுல காச்ச வந்துருது." கொஞ்சம் தயங்கிவிட்டு அவரே சொன்னார். "எம்பட பையன் போனதுக்கப்பறம் இங்க வந்தனுங்க. அக்காதான் இதக் குடுத்தாங்க. முன்னாடி இருக்கறதெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான் கண்ணு, நீ இருபத்தெட்டுல இருந்து படின்னாங்க. இன்னிக்கு வரைக்கும் அதுக்கு முன்னாடி நான் படிச்சதில்லீங்க."

ஒரே புத்தகம், அக்கா. என்னிடம் இருபத்தேழில் நிறுத்தச் சொன்னீர்கள். அவரிடம் இருபத்தெட்டில் ஆரம்பிக்கச் சொன்னீர்கள்.

அந்தக் கல்லூரிப் பெண் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப நான் எதுவரைக்குங்க்கா படிக்கறது?" என்றாள். நான் புத்தகத்தை அலமாரியிலேயே திரும்ப வைத்தேன். ஒரு ஜெல் பேனா மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் காசை வாங்கிப் போட்டுவிட்டு, "பரவால்ல, மொத நாளே வியாபாரம் ஆயிருச்சு" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கோபம். வந்த பிறகும் கோபம். என்னைத் தாங்கமாட்டாதவள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நான் உங்களிடம் புத்தகம் கேட்டேன். நீங்கள் பாதிப் புத்தகம் கொடுத்திருக்கிறீர்கள். சந்தேகம் வந்து லாட்ஜ் நாவலின் கடைசிப் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். சமையற்காரன் மேனேஜர் மகளோடு ஓடிப்போகிறான், அதற்குமேல் ஒன்றுமில்லை. லாரிக் கதையையும் பார்த்தேன். உங்களைச் சோதனை போடுகிற நிலைக்கு வந்துவிட்டேன் பாருங்கள். நீங்கள் இருந்திருந்தால் நேரில் வந்தே கேட்டிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்திருப்பீர்கள்.

இன்றைக்கு மத்தியானம்தான் துணிந்தேன். வீட்டுக்காரர் பாப்பாவை அன்னூரில் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தார். அவள் இல்லாத வீட்டில் படித்தால்தான் முடியும் என்று நானே அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் பத்துத் தடவை வாசலுக்குப் போய்வந்தேன்.

இருபத்தெட்டு. கோமதியக்கா சொன்னது சரிதான். அணை வேலையாட்கள் முகாமில் காய்ச்சல் பரவுகிறது. பையன் போவது அரைப் பக்கம்தான். அந்த எழுத்தாளர் அதற்குமேல் ஒரு வரி எழுதவில்லை. நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்னூருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, பாப்பா என்ன பண்றா?"

"மண்ணுல வெளையாடறா."

"எந்த மண்ணுங்க?"

"அன்னூரு மண்ணுதான். பெங்களூர்ல இருந்தா கொண்டாந்து கொட்டுவாங்க? வெய்யி போன."

வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்தபோது, இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறதே என்று பட்டது. மறுபடியும் எடுத்தேன். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பவில்லை, ஊரைக் காலி செய்துவிட்டார்கள், திரும்ப ஊரே இல்லை. அணையிலேயே சித்தாள் வேலைக்குச் சேர்கிறாள். சிமெண்டு மூட்டை சுமக்கிறாள். ஒவ்வொரு மூட்டையாக வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறாள், எண்ணாவிட்டால் மகனின் பெயர் வாயில் வந்துவிடுகிறது. கடைசியில் தண்ணீர் ஏறி அவள் நடந்து வந்த பாதையை மூடுகிறது. கரையில் நின்று பார்க்கிறாள். பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு டீ வாங்கித் தரச் சொல்கிறாள். வாங்கிக் குடிக்கிறாள். அவ்வளவுதான் நாவல்.

ஆக, நீங்கள் சொன்னதும் முழுப் பொய் இல்லை. கெட்டிக்காரிதான் நீங்கள்.

அந்த வருடம் இதைப் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேன்? தெரியவில்லை, அக்கா. படித்திருக்கவே மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. இதில் குழந்தை இறந்துபோகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலமாரிப் பக்கமே வந்திருக்கமாட்டேன். அந்த மலைப்பாதை எனக்குக் கிடைத்திருக்காது, ஒரே தட்டுச் சாப்பாடு கிடைத்திருக்காது. அப்படியானால் நீங்கள் செய்தது சரியா? அப்படியும் சொல்ல மனசு வரவில்லை. என்றைக்காவது, "அம்மணி, இப்ப மிச்சத்தப் படிக்கலாம்" என்று சொல்லவேண்டும் என்றாவது நினைத்திருந்தீர்களா? அதற்குள்தான் போய்விட்டீர்களா? இதை மட்டும் யாரிடம் கேட்பேன்?

கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. கொஞ்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், கோபம் இருக்கிறவரைக்கும் உங்களோடு பேசிக்கொண்டிருப்பேன்.

நாளைக் காலையில் அண்ணனுக்கு வருகிறேன் என்று சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பா அவள் அப்பாவோடு இருப்பாள். போன் உங்கள் மேசைமேலேயே இருக்கும், அவளுக்கு இருமல் வந்தால் ஷட்டரை அண்ணன்தான் இறக்கவேண்டியிருக்கும். இதற்குமேல் என்னால் தைரியமாக முடியாது.

ஆனால், உங்களைப்போல யாரையும் எங்கேயும் நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆளைப் பார்த்ததும் அளந்துவிட உங்களால் முடிந்தது. நான் அளந்தால் தப்பாக அளந்துவிடுவேன். என்னைப்போல ஒருத்தி வந்து அந்த அணை நாவலைக் கையில் எடுத்தால், அவளை உட்காரவைத்து உள்ளதைச் சொல்லிவிடுவேன்: இதுல ஒரு கொழந்த எறந்துபோகுதுங்க. அதுக்கப்பறமும் ரெண்டு அத்தியாயம் இருக்குதுங்க. வாங்குவதும், வைத்துவிட்டுப் போவதும் அவள் பாடு. போனாலும் அவளுக்கு ஒரு டீ சொல்லித்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்களோடு பாதிச் சண்டையில் இருக்கிற உங்கள் தங்கச்சி,
சத்யா