மங்கம்மா வீட்டுச் சாவி

காலடிப்பேட்டை,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் அனிஷாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், நீ மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்தோடு இருக்க இன்று காலை ஆலயத்திலும் ஜெபித்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, இருமல்தான் விடவில்லை. மீஞ்சூர் ஜெரி நாளைக் காலை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று சிரிக்காதே. வீட்டில் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவாள், இது அவள் காதில் விழக் கூடாத சங்கதி. கடையிலிருந்து தனியாகக் கூப்பிடலாம்தான், பாதியில் அழுதுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை உன்னைக் கூப்பிட்டு, பச்சைக் கதவு வீடியோவையும் கடையில் அம்மா நிற்கும் போட்டோவையும் நம் கடையின் இணையப் பக்கத்திலிருந்து உடனே எடுத்துவிடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நாலாயிரம் பேர் பார்த்ததை ஏன் எடுக்கணும் என்று நீ கோபித்துக்கொண்டாய். கோபம் நியாயம்தான். நீ பக்கம் ஆரம்பித்துக் கொடுத்த பிறகுதான் தேரடியில் இருக்கும் என் சின்னச் சாவிக் கடை மணலி வரைக்கும் தெரிந்தது. போட்டோவைப் பார்த்தே சாவி வெட்டித் தருவேன் என்று நான் பெருமையடித்த வீடியோவுக்கு ஒரே நாளில் பதினோரு பேர் கூப்பிட்டார்கள். டீக்கடைக்காரர் ஹீரோ என்கிறார், நானும் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு திரிந்தேன், அம்மா சொல்லியிருப்பாள்.

அதைப் பார்த்துத்தான் கொடுங்கையூரிலிருந்து மங்கம்மா என்ற அம்மாள் போன மாதம் வந்தார். துப்புரவு வேலை, விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். புருஷன் அடி தாங்காமல் வந்துவிட்ட மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள், பழைய சாவி ஒன்று அந்த மருமகனிடம் இருக்கிறது, பூட்டை மாற்றிக் கொடுங்கள் என்றார். நானே போய் மாற்றினேன். ஒருவர் சாவியை அடுத்தவர் பார்க்கும்படி வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே கற்றது. கடையில் வேறு ஆள் நின்றால் சாவியை உள்ளங்கையில் கவிழ்த்துத்தான் கொடுப்பேன், நீ பார்த்திருக்கிறாய். அப்படிப்பட்டவனுக்கு அன்று போனைக் கையில் எடுத்ததும் புத்தி கெட்டது. வேலையைக் கிட்டத்தில் காட்டுங்கப்பா என்று நீ சொன்னது ஞாபகம் வந்து, அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் புதுச் சாவியை வெளிச்சத்தில் பிடித்து, பல் பல்லாகத் தெரியும்படி எடுத்து அனுப்பினேன். நீ போட்டாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை மகளே, எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. சாவி தொலைந்துவிட்டது, இதே மாதிரி ஒன்று வெட்டித் தர முடியுமா அண்ணே என்று கேட்டிருந்தான். பார்த்தால் அந்தச் சாவியைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் என்னுடையது, சுத்தி பட்டுக் கறுத்த நகத்தோடு. என் வீடியோவிலிருந்து எடுத்ததை எனக்கே அனுப்பியிருக்கிறான், அந்த மருமகனாகத்தான் இருக்க வேண்டும். யார் விரல் என்று தெரியாமல் அனுப்பினானா, தெரிந்தே மிரட்டுகிறானா, இன்னும் புரியவில்லை. முடியாது என்றால் வேறு கடைக்குப் போவான் என்று பயந்து, மெஷின் ரிப்பேர், திங்கட்கிழமை சாயங்காலம் வாருங்கள் என்று பதில் போட்டேன். மூன்று தடவை தப்பாக அடித்து அழித்தேன். உன்னைக் கூப்பிட்டுவிட்டு அப்படியே ஆட்டோ பிடித்தேன்.

பூட்டில் ஏதோ கோளாறு என்று சொல்லி மாற்றிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். கதவைத் திறந்த அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், கையில் இன்னும் கட்டு. பொய் சொல்ல வாய் வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். மங்கம்மா சத்தம் போடவில்லை. "அவன் கையில சாவி கீதுன்னுதானே உன்னாண்ட வந்தேன். நீ நல்லவன்தான் நைனா. ஆனா என் வூட்டு சாவி இனிமே உன் கண்ணுல படக் கூடாது" என்றார். நான் கொண்டுபோன பூட்டை வாங்கவே இல்லை. அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் கிருஷ்ணப்பன் வந்து மாற்றி முடிக்கும் வரை நான் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முப்பது வருஷத்தில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

நேற்று அவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள், நானும் போய் என் போனைக் காட்டினேன். நாளை அவன் சாவி வாங்க வந்ததும் தகவல் சொல்லிவிட்டு, ஆட்கள் வரும் வரை பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்து உட்கார வைக்கச் சொன்னார்கள். தெருமுனையில் இரண்டு பேரை நிறுத்துகிறோம் என்றார்கள், நிறுத்துவார்களோ என்னவோ. எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. பத்து நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்து என்ன பேசுவேன். கடையைச் சாத்திவிட்டு அம்மாவோடு நாகர்கோவிலுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். நான் போய்விட்டால் அவன் அடுத்த கடைக்குப் போவான், பூட்டு மாறியது தெரிந்ததும் வேறு வழி தேடுவான், இவன்தான் கேட்டான் என்று காட்ட ஆள் இருக்காது. அதனால் திறந்துதான் வைப்பேன். அம்மாவை நாலு மணிக்கு டீ கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஏன் என்று முறைத்தாள்.

நீ டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, வண்டியிலேயே வா. தண்ணீர் நிறையக் குடி. இனி நான் எதை அனுப்பினாலும், யார் வீடு, எந்தக் கதவு என்று தெரிகிறதா என்று நாலு தடவை பார்த்த பிறகே போடு. ஆண்டவர் உன்னோடு இருந்து உன்னை ஆசீர்வதிப்பார். இது உன் கைக்கு வரும்போது நாளைச் சாயங்காலம் முடிந்திருக்கும். படித்ததும் என் நம்பருக்குக் கூப்பிடு. நான் எடுக்காமல் அம்மா எடுத்தால், பதறாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து அவளுக்கு நீயே சொல்.

உன் அன்பு அப்பா,
மனோகரன்