பஸ்ஸைப் பிடித்த எழுத்து

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று மதியம் மூன்று நாற்பதுக்கு ஒரு செய்தி வந்தது. அதற்கு முன்னால், உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாமா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

நான் வரைந்த எழுத்துருவைப் பஸ் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இனி எல்லாப் பஸ்ஸின் நெற்றியிலும் ஊர்ப்பெயர் அதில்தான் வரும். தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமென்று தடிமனாக, முன்பக்கம் சாய்வாக, ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் செங்கல் மாதிரி கட்டை வைத்து வரைந்தேனே, அதுதான். போன லீவில் காட்டியபோது உங்கள் மகள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

"குண்டுப் பசங்களுக்கு பூட்ஸ் மாட்டி ஓட விட்டிருக்கீங்களே, பஸ்ஸைப் பிடிச்சிடுவாங்களா? பிடிச்சா எனக்குத்தான் முதல்ல சொல்லணும், ஆமா!"

எங்கள் மானேஜர் கைகொடுத்துவிட்டுப் போனதும் அவள் நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் இல்லை என்பதே உறைத்தது. "மாப்பிள்ளையா? என்னப்பா ஆச்சு?" என்று நீங்கள் பதறியதும் வைத்துவிட்டேன். வேறொன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

அவள் போனை இன்னமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, அத்தை. அதை அணைத்துவிடாதீர்கள். அந்த எழுத்தில் அவள் பெயரை அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்.

தபாலாபீஸை மூடப் போகிறார்கள். என் கை மறுபடி மறுபடி அந்த நம்பருக்கே போகிறது. அதனால் என் போனை அணைத்துவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை