முனைப்பாக்கத்துத் திருவிழா

முனைப்பாக்கம்,
கூரம் வழி.
6-10-1967

அன்புள்ள வீரபாகு அவர்களுக்கு,

தேவகி எழுதுவது. கட்டின புருஷனைப் பெயர் சொல்லி எழுதாதே என்கிறாள் அம்மா. இன்று அப்படித்தான் எழுத வருகிறது. சென்னையில் நீங்கள் நலமா? நானும் வயிற்றில் இருப்பதும் இதுவரை நலம். எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது.

உங்கள் கட்டுரை வந்து சேர்ந்தது. தபாலில் அல்ல. அப்பாவின் கையில்.

ஏரிக்குள் நீண்டு கிடக்கும் எங்கள் நிலத்தைக் கரையோடு சேர்க்கும் தாழ்ந்த துண்டு, கழுத்து என்போமே, அதில் மண் கொட்டி ரோடு போடச் சொல்லி இங்குள்ள மூன்று ஊரும் மனு கொடுத்திருந்தன. என்ன ஆயிற்று என்று கேட்க அப்பா காஞ்சிபுரம் போனார். ஆபீசர் பத்திரிகையை எடுத்து மேஜைமேல் போட்டாராம். உங்க மாப்பிள்ளையே எழுதிக்கிறாரேய்யா, சக்கரம் படாத ஊரு, ரோடு வந்தா செத்துடும்னு, அவர விட எனக்கு என்ன தெரியும் என்றாராம். மனு தள்ளுபடி. பத்திரிகை அப்பாவுக்கு இனாம்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடம், காட்டுமா என்றார். காட்டினேன். அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கம்மாள் சித்திதான், திருவிழாவுக்கு வந்த மூணு நாளும் எங்க ஏரி மீனையே தின்னுக்கினு இருந்தாரே உங்க வூட்டுக்காரு, ஒரு முள்ளு கூடவா தொண்டையில சிக்கல என்று கேட்டாள்.

அழகு பொய் என்று சொல்லவில்லை. மூன்று பக்கமும் தண்ணீர். விடியலில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்தும். நானும் நின்று பார்ப்பவள்தான். ஆனால் முன்னோர் நீரை நேசித்து இங்கே குடியேறினார்களாம். யாரைக் கேட்டு எழுதினீர்கள்? நாங்கள் ஏரியிடம் வரவில்லை. ஏரி எங்களிடம் வந்தது. தாத்தா காலத்தில், கீழே இருக்கும் ஊர்களின் வயலுக்காக, உபரி நீர் வழியும் கலங்கலை உயர்த்தினார்கள். அடுத்து வந்த மழையில் எங்கள் புன்செய் முழுகியது. மேடு மட்டும் மிஞ்சியது. அந்த மிச்சத்துக்குத்தான் குட்டித் தீபகற்பம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் உங்கள் தெருவுக்கு வந்துபோன ஒருவன், தறிச் சத்தம் சங்கீதம் என்று எழுதியபோது என்ன செய்தீர்கள்? தறியில் உட்கார்ந்து உன் முதுகில் கேள்டா அந்தச் சங்கீதத்தை என்று கத்திப் பத்திரிகையைக் கிழித்தீர்கள். அன்றுதான் உங்களை எனக்குப் பிடித்தது.

பிறகு, திருவிழா.

போன புரட்டாசியில், கல்யாணமான புதிதில், நீங்கள் பார்த்தது: வரிசையாகப் பெண்கள். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். பின்னால் மூட்டைகள். நீர்த்தாய்க்கு நன்றி சொல்லும் ஊர்வலம் என்று எழுதிவிட்டீர்கள். அவர்கள் வயிற்றைப் பார்க்கவில்லையா?

ரேணுகாம்பாள் என்று எனக்கு ஓர் அத்தை இருந்தாள். கார்த்திகையில் வலி கண்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு கழுத்தில் இறங்கினார்கள். மார்பளவு தண்ணீர். அக்கரையில் இறக்கியபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதன் பிறகுதான் மழைக்கு முன்பே பிள்ளைத்தாய்ச்சிகளை வெளியூர் உறவுகளிடம் அனுப்பிவிடுகிறார்கள். அழுது அனுப்பக் கூடாது என்று பூ வைக்கிறார்கள். அவ்வளவுதான் உங்கள் திருவிழா.

இந்த வருஷம் அந்த வரிசையில் நான் இருக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை. ஆபீசர் குடும்பத்தோடு பார்க்க வருகிறாராம். கேமராவும் வருகிறது.

நான் நடக்கப் போவதில்லை.

இந்த வருஷத்து மற்ற இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளும் போகட்டும். அவர்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. அம்மா அழுகிறாள். படிச்ச திமிரு என்கிறாள் சித்தி. இருக்கலாம். இது நியாயமா, உங்கள்மேல் உள்ள கோபமா என்று என்னையே கேட்டேன். பிரிக்க முடியவில்லை. பயம் இல்லை என்று எழுத மாட்டேன். காற்று கிழக்கிலிருந்து வீசினாலே கை வயிற்றுக்குப் போகிறது.

மறுப்பு எழுதுங்கள். அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், அத்தையின் பெயரைப் போட்டு. அதை ஆபீசர் மேஜையில் வைத்துவிட்டு இங்கே வாருங்கள். அன்றே உங்களோடு கிளம்புகிறேன். கூரமோ, காஞ்சிபுரமோ, நீங்கள் சொல்லும் இடத்துக்கு.

நேற்று ஒரு மழை பெய்தது. சின்ன மழைதான். உங்களுக்கு நீந்தத் தெரியாது. அதை நான் மறக்கவில்லை. நடந்து வர முடிகிறபோதே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தேவகி