புள்ளடி மட்டும் போதும்

இஞ்சேருங்கோ,

நாளைய தேர்தல் வேலைக்காகக் கிளிவெட்டிக்குப் போகிறேன். நாளை இரவுதான் வருவேன். புட்டும் சூடைமீன் குழம்பும் குசினியில் இருக்கின்றன. உங்கள் அடையாள அட்டை அலுமாரியின் மேல்தட்டில்.

நாளை கடலால் வந்ததும், நாலு மணிக்கு முன் போய் வாக்குப் போடுங்கள். விரும்பிய கட்சிக்கு நேரே ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. கீழே, அதே கட்சியில் பிடித்த மூன்று பேரின் இலக்கங்களில் புள்ளடி. வேறொன்றும் எழுதாதீர்கள். போனமுறை, "இறங்குதுறைக்கு லைட் போடுங்கோ எண்டு வடிவா எழுதி, கையெழுத்தும் வைச்சனான்" என்று பெருமையாக வந்து சொன்னீர்கள். அந்த வாக்கை எண்ணியிருக்கவே மாட்டார்கள்.

நான் என் தபால் வாக்கை யாருக்குப் போட்டேன் என்று சொல்லாததால் மூன்று நாளாக என்னோடு கதை பேச்சில்லை. உங்களை நம்பாமல் மறைக்கவில்லை. கலியாணம் கட்டிய இந்த இருபது வருடத்தில் எனக்கென்று மட்டும் இருக்கிற ஒரே விஷயம் அதுதான். வைத்திருக்க ஆசையாக இருக்கிறது.

சீலா

பி.கு: யாருக்குப் போட்டீர்கள் என்று நானும் கேட்கமாட்டேன்.

இன்னொன்று: இறங்குதுறை லைட்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, அடையாள அட்டைக்குக் கீழே வைத்திருக்கிறேன். கையெழுத்தை அதில் போடுங்கள். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.