அண்ணையை நான் தோற்கடித்த நடைப்போட்டி

நடந்தே எங்களைக் களைக்கவைத்த என் சின்னண்ணைக்கு,

நீங்கள் எங்களை விட்டுக் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. மனோர் பார்க் வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் மூத்தவள் யூனிவர்சிட்டிக்குப் போகிறாள். இதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் இருக்கிறது, பொறுங்கள்.

செவன் கிங்ஸ் பெற்றோல் ஷெட்டுக்கு பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போன ஆள் நீங்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கதை சொல்லியே உங்களைக் கெடுத்தார். நூறு வருடத்துக்கு முன் இதே லண்டனில், ஆட்கள் ஆறு நாள் வட்டம் வட்டமாக நடப்பதைச் சனம் டிக்கெட் வாங்கிப் பார்த்ததாம். இஸ்லிங்டனில் பெரிய மண்டபம், பாண்ட் வாத்தியம், பந்தயம் எல்லாம் இருந்ததாம்.

"பொம்பிளையளும் நடந்தவையாம் தங்கச்சி," என்றீர்கள்.

"நடக்கிறதைப் பாக்கக் காசு குடுக்கிறதோ? அவையளுக்கு விசரே?" என்று சிரித்தேன்.

நீங்களோ நடைக் கழகத்தில் சேர்ந்துவிட்டீர்கள். எண்பத்தெட்டுக் கோடையில் பன்னிரண்டு மணிநேரப் போட்டி. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை மைதானத்தைச் சுற்ற வேண்டும். ஐந்து மணிக்கு நான் தேத்தண்ணி ஃபிளாஸ்க்கோடு வந்தபோது நீங்கள்தான் முன்னுக்கு. பார்க்க இருபது பேர்கூட இல்லை. முகம் காய்ந்து, தன்னந்தனியாக நடந்துகொண்டிருந்தீர்கள். எங்கள் ஆட்களால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? பாதையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி உள்ளே வந்து உங்களோடு சேர்ந்து நடந்தேன்.

"வெளியில போ தங்கச்சி!"

"கதைச்சுக்கொண்டு போனால் களை தெரியாது அண்ணை."

அன்றைக்கு வந்த அம்மாவின் கடிதத்தை வேறு வாசிக்கத் தொடங்கினேன். நடுவர் கையை ஆட்டினார். நானும் மரியாதையாகக் கையை ஆட்டினேன். அடுத்த சுற்றில் உங்களைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார். வெளியாள் பக்கத்தில் சேர்ந்து நடந்தால் அது உதவியாம், விதிக்கு மாறாம். இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

நீங்கள் திட்டவில்லை. புல்லில் இருந்துகொண்டு, "மிச்சத்தையும் வாசி," என்றீர்கள். அதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது. அடுத்த வருடம் வெல்லலாம் என்றீர்கள். ஷிப்ட் விடவில்லை, பிறகு நெஞ்சுவலி விடவில்லை. ஒருமுறையாவது என்னை ஏசியிருக்கக்கூடாதா?

சரி, செய்தி இதுதான். போன வருடம் நானே அந்தக் கழகத்தில் சேர்ந்தேன். வருகிற சனிக்கிழமை அதே போட்டி. போன மாதம் எட்டு மணிநேரம் நிற்காமல் நடந்தேன், நம்புங்கள். என்னை முந்த நினைப்பவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அண்ணி, பிள்ளைகள், கோயில் ஆட்கள் என்று ஒரு வான் வண்டி நிறையப் பார்க்க வருகிறார்கள். எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்: "கத்துங்கோ, கை தட்டுங்கோ, ரோல்ஸ் சாப்பிடுங்கோ. கயிறு தாண்டினால் காலை முறிப்பன்."

உங்களுக்கும் அதேதான் அண்ணை. ஐந்து மணிக்குக் களைத்துப்போய் நானே உங்களைக் கூப்பிட்டாலும் பக்கத்தில் வந்துவிடாதீர்கள். அந்த நாற்பது நிமிடத்தை நான் தனியே நடந்து முடிப்பேன். இது சத்தியம்.

உங்கள் வெற்றியைக் கெடுத்த,
உங்கள் ஒரே தங்கச்சி